ஒரு ‘அண்ட்’டுக்குள் எத்தனை குழந்தைகள்?

‘புவர் அண்ட் மைனாரிட்டி சில்ட்ரன்.’ நான்கே சொற்கள். பள்ளிக்கூட ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கும் நான்கும் புரியும். கல்வி பற்றிய ஒரு கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது இந்தத் தொடர் எதிரே வந்தது. ‘ஏழை, சிறுபான்மைக் குழந்தைகள்’ என்று எழுதி, நடுவில் ஒரு காற்புள்ளியும் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். இரவில் திருத்த உட்கார்ந்தபோதுதான் கை நின்றது. நான் எழுதியது எந்தக் குழந்தைகளைப் பற்றி? ஏழையாகவும் இருந்து, சிறுபான்மையினராகவும் இருக்கும் குழந்தைகளைப் பற்றியா? இல்லை, ஏழைக் குழந்தைகள் ஒரு கூட்டம், சிறுபான்மைக் குழந்தைகள் இன்னொரு கூட்டம் என்று இரண்டையும் சேர்த்தா?

அவசரத்தில் யாரோ எழுதிவிட்டுப் போன தொடர் அல்ல இது. அமெரிக்காவின் ‘நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்’ கல்விச் சட்டத்தில் இருந்தது. 2002 ஜனவரி 8 அன்று அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட சட்டம். அனுபவமில்லாத ஆசிரியர், தகுதி பெறாத ஆசிரியர், வரலாறு படித்துவிட்டுக் கணக்கு நடத்துபவரைப் போலத் தன் பாடமல்லாததை நடத்தும் ஆசிரியர் ஆகியோரிடம் ‘புவர் அண்ட் மைனாரிட்டி’ குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட அதிக விகிதத்தில் போய்ச் சேராதபடி மாநிலங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது அதன் ஒரு பிரிவு. நல்ல நோக்கம்தான். ஆனால் அது நடக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் முதலில் தலைகளை எண்ணியாக வேண்டும்.

எண்ணிப் பார்ப்போம். ஒரு பள்ளியில் 100 குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் ஏழைகள் 40 பேர். சிறுபான்மை இனத்தவர் 50 பேர். இரண்டுமாக இருப்பவர்கள் 30 பேர். ‘அண்ட்’ என்பதை ‘இரண்டு தன்மையும் ஒருவரிடமே’ என்று எடுத்தால் சட்டம் பேசுவது 30 குழந்தைகளைப் பற்றி. ‘இவர்களும் அவர்களும்’ என்று எடுத்தால் 60 குழந்தைகளைப் பற்றி. ஒரே சொல், இரு மடங்கு வித்தியாசம். அதோடு போவதில்லை. ஒப்பிட வேண்டிய ‘மற்றக் குழந்தைகள்’ யார் என்பதும் கூடவே மாறுகிறது. முதல் பொருளில் மற்றவர்கள் 70 பேர். அவர்களுக்குள் ஏழை வெள்ளைக் குழந்தைகள் 10 பேரும், வசதியுள்ள சிறுபான்மைக் குழந்தைகள் 20 பேரும் ஒளிந்திருக்கிறார்கள். இரண்டாவது பொருளில் மற்றவர்கள் 40 பேர். எல்லாரும் வசதியுள்ள வெள்ளைக் குழந்தைகள். ஒரே பள்ளி, ஒரே ஆசிரியர்கள். ஆனால் அநீதியின் அளவு ஒரு கணக்கில் சிறிதாகவும் இன்னொரு கணக்கில் பெரிதாகவும் தெரியக்கூடும்.

மூன்றாவதாகவும் ஒரு வழி உண்டு. ஏழைகளை ஏழை அல்லாதவர்களோடு ஒருமுறை, சிறுபான்மையினரைப் பிறரோடு இன்னொருமுறை என்று தனித்தனியே ஒப்பிடுவது. 2014-இல் அமெரிக்கக் கல்வித் துறை மாநிலங்களுக்குக் கொடுத்த வழிகாட்டுதல் இந்த வழியில்தான் போனது. நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த முடிவு சொற்றொடருக்குள் இருந்து வந்ததல்ல; வெளியே இருந்து கொண்டுவந்து வைத்தது. இந்தக் கணக்கில் இரண்டு பாரத்தையும் ஒருசேரச் சுமக்கும் அந்த 30 குழந்தைகள் இரண்டு பட்டியலிலும் இருப்பார்கள். ஆனால் அவர்களுக்கென்று ஒரு தனி எண் கிடைக்காது.

மொழியியலில் இந்தச் சிக்கல் நன்கு அறியப்பட்டது. ஆங்கிலத்தில் ‘மை ஃபிரண்ட் அண்ட் கொலீக்’ என்றால் பெரும்பாலும் ஒரே ஆள்: நண்பரும் அவரே, அலுவலகத் தோழரும் அவரே. பன்மையாக்கி ‘மை ஃபிரண்ட்ஸ் அண்ட் கொலீக்ஸ்’ என்று சொல்லிப் பாருங்கள். நண்பர்கள் சிலர், அலுவலகத்தார் சிலர் என்ற இரண்டாவது கதவு திறந்துகொள்கிறது. நம் தொடரையும் ஒருமையாக்கினால் குழப்பம் போய்விடும். ‘எ புவர் அண்ட் மைனாரிட்டி சைல்ட்’ என்றால் அந்த ஒரு குழந்தைதான் இரண்டுமாக இருக்க வேண்டும். பன்மையில் ஒரு கூட்டம் இருக்கிறது. கூட்டத்தைப் பங்கு பிரிக்கலாம். பிரிக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை ஆங்கில இலக்கணம் படிப்பவரிடம் விட்டுவிடுகிறது.

தமிழில் எழுதுபவருக்கு அந்த வசதி கிடையாது. எண்ணும்மை ஒவ்வொரு சொல்லின் கழுத்திலும் ஏறி உட்காரும். ‘ஏழைக் குழந்தைகளும் சிறுபான்மைக் குழந்தைகளும்’ என்றால் இரண்டு கூட்டம். ‘ஏழைகளும் சிறுபான்மையினருமான குழந்தைகள்’ என்றால் ஒரே கூட்டம். எதை எழுதுவது என்று முடிவெடுக்காமல் தப்ப முடியாது. காற்புள்ளியைப் போட்டு நான் தப்பிக்கத்தான் பார்த்தேன்.

ஆனால் நான் ஏன் முதல் வாசிப்பில் நிற்கவில்லை? குழப்பமான தொடர் என்றால் மனம் தடுக்கி விழ வேண்டாமா? இங்கேதான் உளமொழியியல் ஒரு வியப்பான விடையை வைத்திருக்கிறது.

படிக்கும்போது நம் கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவுகிறது, நிற்கிறது, மறுபடி தாவுகிறது. ஒரு நிற்பு ஏறக்குறைய கால் விநாடி. எங்கே அதிகம் நிற்கிறது, எங்கே திரும்பிப் போகிறது என்று கருவியால் அளந்தால் மனம் எங்கே திணறுகிறது என்று தெரிந்துவிடும். 1998-இல் மேத்யூ டிராக்ஸ்லர், மார்ட்டின் பிக்கரிங், சார்லஸ் கிளிஃப்டன் என்ற மூவர் அப்படி அளந்த முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் கொடுத்த ஆங்கிலத் தொடர்களைத் தமிழில் ஏறக்குறைய இப்படிச் சொல்லலாம்: ‘மீசை வைத்த காரின் ஓட்டுநர்’, ‘மீசை வைத்த ஓட்டுநரின் கார்’, ‘மீசை வைத்த ஓட்டுநரின் மகன்’. காருக்கு மீசை இருக்காது. எனவே முதல் இரண்டிலும் மீசை யாருடையது என்பதில் சந்தேகமில்லை. மூன்றாவதில் மீசை ஓட்டுநருக்கா, மகனுக்கா என்று சொல்லவே முடியாது. மூன்றாவதில்தான் கண் திணறும் என்று எதிர்பார்ப்போம். நடந்தது நேர் எதிர். இரு பொருள் தந்த தொடரைத்தான் மனிதர்கள் எளிதாகப் படித்துக்கொண்டு போனார்கள்.

காரணத்தில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. மனம் முதலில் கைக்குக் கிடைக்கும் பொருளைப் பிடித்துக்கொள்கிறது என்பார் சிலர். ஒரு பொருள்தான் சரியென்ற தொடரில் அந்தப் பிடி தவறாகிப் போகலாம்; பிறகு திருத்த வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். இரண்டும் சரியென்ற தொடரில் எதைப் பிடித்தாலும் இடறல் இல்லை. மனம் எதையுமே பிடிப்பதில்லை, தீர்க்காமலே விட்டுவிட்டுப் போகிறது என்பார் வேறு சிலர். இந்த இரண்டாவது கருத்துக்கு வலுச் சேர்த்தது 2008-இல் பெஞ்சமின் ஸ்வெட்ஸ், ஃபெர்னாண்டா ஃபெரேரா முதலானோர் செய்த சோதனை. படித்தபின் மேலோட்டமான கேள்விகள் மட்டும் வரும் என்று பழகியவர்கள் இருபொருள் தொடரை விரைவாகக் கடந்தார்கள். மீசை யாருக்கு என்பதுபோல நேரடியாகக் கேள்வி வரும் என்று தெரிந்தவர்கள் நிதானித்துப் படித்தார்கள். அந்த வேகம் காணாமற்போனது. அதாவது, கேள்வி இருந்தால்தான் மனம் தீர்க்கிறது.

இதைப் படித்தபின் என் காற்புள்ளியின் மேல் எனக்கிருந்த கோபம் சற்றுத் தணிந்தது. பத்திரிகை படிப்பவரிடம் எவரும் கேள்வி கேட்பதில்லை. கல்வி அலுவலகத்தில் பட்டியல் போடும் குமாஸ்தாவிடம் மட்டும்தான் அந்தக் கேள்வி போய் நிற்கிறது.

குரல் உதவுமா? ஓரளவு. எஸ்தோனியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஒலியியலாளர் இல்சே லெஹிஸ்தே 1973-இல் இதைச் சோதித்தார். ‘வயதான ஆண்களும் பெண்களும்’ போன்ற தொடர்கள் அவர் பட்டியலில் இருந்தன. பெண்களும் வயதானவர்களா என்பது எழுத்தில் தெரியாது. பேசுபவர் எந்தப் பொருளை மனத்தில் வைத்துச் சொல்கிறார் என்பதைக் கேட்பவர்கள் கண்டுபிடித்தார்கள். எந்தச் சொல்லை நீட்டுகிறோம், எங்கே இடைவெளி விடுகிறோம் என்பது துப்பு. ஆனால் சொற்கள் வேறுவேறு விதமாகக் கொத்துச் சேரும் தொடர்களில்தான் இது பலித்தது. கொத்து ஒன்றாகவே இருந்து பொருள் மட்டும் இரண்டாகும் தொடர்களில் குரலுக்கு அதிக வேலையில்லை. ‘புவர் அண்ட் மைனாரிட்டி’ இரண்டாவது வகைக்குத்தான் நெருக்கம். முப்பது பேரை நினைத்துச் சொன்னாலும் அறுபது பேரை நினைத்துச் சொன்னாலும் வாயிலிருந்து வரும் ஓசை ஏறக்குறைய ஒன்றுதான்.

இலக்கணமும் சொல்லவில்லை, குரலும் சொல்லவில்லை என்றால் இடைவெளியை எது நிரப்புகிறது? அந்தச் சமூகத்தைப் பற்றி நம் தலைக்குள் ஏற்கெனவே இருக்கும் சித்திரம்தான். ஏழை என்றதும் கருப்பினக் குழந்தையின் முகம் வருபவருக்கு ‘புவர் அண்ட் மைனாரிட்டி’ ஒரே கூட்டம். அப்பலாச்சியா மலைப் பகுதியின் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் வறுமைப்பட்ட வெள்ளைக் குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது இரண்டு கூட்டம்.

இந்தச் சித்திரம் பேச்சில் எப்படி வெளியே வந்துவிடும் என்பதற்கு எல்லாரும் அறிந்த சான்று ஒன்று இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 8 அன்று அயோவா மாநிலத்தின் டி மாய்ன் நகரில், ஆசிய, லத்தீன் அமெரிக்க வாக்காளர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் ஜோ பைடன் பேசினார். ஏழைக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளைப் போலவே அறிவுள்ளவர்கள், அவர்களைப் போலவே திறமையுள்ளவர்கள் என்றார். சொன்னவுடனே உணர்ந்து, பணக்காரக் குழந்தைகள், கருப்பினக் குழந்தைகள், ஆசியக் குழந்தைகள் என்று சேர்த்துக்கொண்டார். அதற்குள் அந்த முதல் வாக்கியம் நாடெங்கும் போய்விட்டது.

தனித்தனியே பார்த்தால் அதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. ஏழைக் குழந்தைகளின் அறிவு யாருக்கும் குறைந்ததல்லதான். ஆனால் ‘அ-வும் ஆ-வைப் போலவே’ என்று சொல்லும் கணத்தில் இரண்டையும் எதிரெதிர்க் கூட்டங்களாக நிறுத்திவிடுகிறோம். ஏழையாகவும் வெள்ளையாகவும் இருக்கும் குழந்தை நிற்க அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. இன்னொரு நுட்பமும் உண்டு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் எலினோர் செஸ்ட்நட், எலன் மார்க்மன் இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, கணக்கில் பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளைப் போலவே கெட்டிக்காரர்கள் என்ற வாக்கியத்தை எடுத்துக்கொண்டது. சமத்துவத்தைச் சொல்ல வந்த அந்த வாக்கியத்தைப் படித்தவர்கள், ஆண் பிள்ளைகளுக்கே இயல்பில் கணக்கு நன்றாக வரும் என்று எண்ணச் சாய்ந்தார்கள். அளவுகோலாக எதை வைக்கிறோமோ அது மேலே போய்விடுகிறது. அளக்கப்படுவது நிரூபித்துக்காட்ட வேண்டிய இடத்தில் நிற்கிறது. நல்லெண்ணத்தோடு பேசுகிறவர்களும் இதில் விழுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

இங்கிலாந்தில் இதே சிக்கல் ஒரு அடைமொழி வடிவில் வருகிறது: ‘ஒயிட் வொர்க்கிங் கிளாஸ்’, வெள்ளைத் தொழிலாளி வர்க்கம். இதில் ‘வெள்ளை’ என்ற அடை எதற்கு? தொழிலாளி வர்க்கத்துக்குள் வெள்ளையரை மட்டும் பிரித்துக்காட்டவா? இல்லை, தொழிலாளி வர்க்கம் என்றாலே வெள்ளையர்தான் என்று கருதி ஒட்டிய வெறும் வண்ணமா?

நம் இலக்கணக்காரர்கள் இந்த வேறுபாட்டுக்குப் பெயர் வைத்துப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. ‘செந்தாமரை’யில் ‘செம்மை’ இனமுள்ள அடை. வெண்டாமரை என்று இன்னொன்று இருப்பதால் அதிலிருந்து பிரித்துக்காட்டுகிறது. ‘செஞ்ஞாயிறு’ அப்படியல்ல. கருஞாயிறு என்று ஒன்று இல்லை. எனவே அது இனமில்லா அடை. இனத்தைச் சுட்டாத இத்தகைய அடை செய்யுளுக்கு உரியது, பேச்சு வழக்குக்கு உரியதல்ல என்று தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் வரையறுத்தது. பிற்கால நன்னூல் இரு வகை அடையும் இரு வழக்கிலும் வரும் என்று தளர்த்திக்கொண்டது. தொல்காப்பியரின் பார்வை எனக்கு மிகக் கூர்மையாகத் தோன்றுகிறது. சாதாரணப் பேச்சில் ஒருவர் அடைமொழி சேர்த்தால் கேட்பவர் உடனே அதன் மறுபக்கத்தைத் தேடுவார் என்பது அதன் உட்கிடை. வெள்ளைத் தொழிலாளி என்று திரும்பத் திரும்பச் சொன்னால் வேறு நிறத் தொழிலாளியும் எங்கோ இருக்க வேண்டும். இருக்கிறார்கள். 1956 முதல் லண்டன் போக்குவரத்துக் கழகம் பேருந்துகளில் சீட்டுக் கிழிக்கப் பார்படோஸ் தீவுக்கே போய் ஆள் எடுத்தது. அந்த நடத்துநர்களின் பேரப்பிள்ளைகள் எந்த வர்க்கம்? அவர்களைப் பற்றிப் பேசும்போது ‘கருப்பினத்தவர்’ என்ற சொல் மட்டும் வருகிறது. ‘தொழிலாளி வர்க்கம்’ எங்கோ உதிர்ந்துவிடுகிறது.

2021 ஜூனில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கல்விக் குழு வெள்ளைத் தொழிலாளி வர்க்க மாணவர்களைப் பற்றியே ஓர் அறிக்கை வெளியிட்டது. பள்ளியில் இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்ற பிள்ளைகளில், 2019-இல் ஆங்கிலத்திலும் கணக்கிலும் நல்ல தேர்ச்சி பெற்றவர்கள் 22.5 சதவீதம், அவர்களுள் வெள்ளை பிரிட்டிஷ் பிள்ளைகளை மட்டும் எடுத்தால் 17.7 சதவீதம். கவலைப்பட வேண்டிய எண்தான். ஆனால் அளந்தது இலவச உணவை. பெயர் வைத்தது தொழிலாளி வர்க்கம் என்று. அந்த 2019-இல் இங்கிலாந்து மாணவர்களில் இலவச உணவுக்குத் தகுதி பெற்றவர்கள் சுமார் 15 சதவீதம். 2016-இல் வெளிவந்த பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்விலோ தங்களைத் தொழிலாளி வர்க்கம் என்று சொல்லிக்கொண்டவர்கள் 60 சதவீதம். மிக ஏழையான ஒரு சிறு பகுதியின் மதிப்பெண்ணை, நாட்டின் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்களுடையதாகக் கருதும் ஒரு பெயரின்கீழ் எழுதினால், படிப்பவர் எந்தக் கூட்டத்தை நினைப்பார்?

‘கிளாஸ்’ என்ற சொல் கடல் கடந்து நம்மிடம் வந்தபோது இன்னும் தடுமாறியது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை எதிர்த்த செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. அதற்கு விடையாக 1951-இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் 15(4) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. அதில் ‘சோஷியலி அண்ட் எஜுகேஷனலி பேக்வர்ட் கிளாசஸ்’ என்ற தொடர் இருக்கிறது. மறுபடியும் ஓர் ‘அண்ட்’. சமூகத்தில் பின்தங்கியிருந்தால் போதுமா, கல்வியில் பின்தங்கியிருந்தால் போதுமா, இரண்டும் வேண்டுமா? மைசூர் மாநிலத்துக்கு எதிரான எம்.ஆர். பாலாஜி வழக்கில் 1962-இல் உச்ச நீதிமன்றம் இந்த ‘அண்ட்’டை எடுத்துவைத்துப் பேசியது. இரண்டில் ஒன்று போதாது, இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்றது. அமெரிக்கச் சட்டத்தில் இரண்டு கூட்டமாகப் பிரிந்த அதே சொல் இங்கே ஒரே கூட்டத்தின்மேல் இரண்டு நிபந்தனையாக இறங்கியது. அங்கே வட்டம் அகன்றது, இங்கே குறுகியது.

கிளாஸ் என்றால் சாதியா என்பது அடுத்த கேள்வி. 1968-இல் சென்னை மாநிலத்தை எதிர்த்து வந்த ராஜேந்திரன் வழக்கில், ஒரு சாதியும் குடிமக்களின் ஒரு வகுப்புதான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தமிழ் அதற்கு முன்பே தன் வழியில் பிரித்து வைத்திருந்தது. ஆலைத் தொழிலாளியைப் பேசும்போது ‘வர்க்கம்’ என்கிறோம். பிற்படுத்தப்பட்டோரைப் பேசும்போது ‘வகுப்பு’ என்கிறோம். அதே வகுப்பு ‘வகுப்புவாதம்’, ‘வகுப்புக் கலவரம்’ என்று வரும்போது மதத்தைக் குறிக்கிறது. ஆங்கிலக் கட்டுரையில் ‘கிளாஸ்’ வந்தால் நான் வர்க்கம் என்று எழுதுவதா, வகுப்பு என்று எழுதுவதா என்பதிலேயே பாதிப் பொருள் தீர்மானமாகிவிடுகிறது.

‘சிறுபான்மை’யும் அப்படியே. அரசியலமைப்பின் 30-ஆவது பிரிவு மதச் சிறுபான்மையினரையும் மொழிச் சிறுபான்மையினரையும் பேசுகிறது. எனவே நம் ஊரில் ‘சிறுபான்மைக் குழந்தைகள்’ என்றால் இஸ்லாமிய, கிறித்தவப் பிள்ளைகள் நினைவுக்கு வருவார்கள். அமெரிக்கச் சட்டம் சொல்வது மதத்தை அல்ல, இனத்தை.

ஏழையையும் வகுப்பையும் ஒரே வாக்கியத்தில் வைக்கும் சோதனை இங்கும் முடியவில்லை. 2019-இல் வந்த 103-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு இட ஒதுக்கீடு தந்தது. ஏற்கெனவே ஒதுக்கீடு பெறும் வகுப்பினர் நீங்கலாக என்றும் சேர்த்துச் சொன்னது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர் அது செல்லும் என்றனர்; இருவர் மறுத்தனர். மறுத்தவர்களின் முதன்மையான வாதங்களில் ஒன்று, ஏழ்மையை அளவுகோலாக வைத்துவிட்டு, ஏழைகளிலேயே பெரும்பகுதியாக இருக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மக்களை அந்தச் சொல்லிலிருந்து எப்படி விலக்கலாம் என்பது. எனக்கு அந்தக் கேள்வி இன்றும் வலுவாகவே தெரிகிறது. பைடன் வாய்தவறிச் செய்ததை இங்கே ‘நீங்கலாக’ என்ற ஒரு சொல் தெரிந்தே செய்கிறது: ஏழையையும் ஒரு சமூகப் பிரிவையும் ஒன்றையொன்று தொடாத இரண்டு கூட்டங்களாக நிறுத்துகிறது.

என் மொழிபெயர்ப்பில் காற்புள்ளியை அடித்துவிட்டு, ‘ஏழைக் குழந்தைகளும் சிறுபான்மை இனக் குழந்தைகளும்’ என்று எழுதினேன். கணக்கெடுத்தவர்கள் தனித்தனியே எண்ணினார்கள் என்பதால் அதுவே பொருத்தம். சொற்கள் நான்கிலிருந்து ஐந்தாயின, பரவாயில்லை. அந்த 30 குழந்தைகளுக்காக இன்னொரு வாக்கியமும் தனியாகச் சேர்த்தேன்.

அமெரிக்கா 2015-இல் அந்தச் சட்டத்தை மாற்றி வேறு சட்டம் கொண்டுவந்தது. ஆசிரியர் பங்கீடு பற்றிய பிரிவும் திருத்தி எழுதப்பட்டது. ‘புவர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘லோ இன்கம்’ என்று போட்டார்கள். ‘மைனாரிட்டி’ அப்படியே இருக்கிறது. நடுவில் இருக்கும் ‘அண்ட்’டையும் யாரும் தொடவில்லை.